வயலில் வேலை செய்பவரைப் பதிவு மேசையில் அடையாளம் காண்பது எப்படி?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள யாக்கிமா பள்ளத்தாக்கில் ஆறு கிளைகள் கொண்ட ஒரு சமூக சுகாதார நிலையத்தில் தரவுப் பணியில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஒரே பெண்மணி மருத்துவக் கிளையில் ‘பருவகால விவசாயத் தொழிலாளர்’ என்றும், பல் மருத்துவக் கிளையில் ‘விவசாயம் இல்லை’ என்றும், நடமாடும் மருத்துவ வண்டியில் ‘இடம்பெயரும் விவசாயத் தொழிலாளர்’ என்றும் பதிவாகியிருக்கிறார். இதைச் சரிசெய்ய மின்னணுப் பதிவேட்டில் எந்தக் கட்டத்தை மாற்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி மென்பொருளைப் பற்றியது போலத் தோன்றினாலும், யார் கேட்டாலும் எங்கே கேட்டாலும் ஒரே மனிதர் ஒரே வகைக்குள் வந்து சேர வழி என்ன என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் இத்தகைய நிலையமொன்றில் நான்கு ஆண்டுகள் பதிவு மேசையிலும், பிறகு பத்து ஆண்டுகள் அறிக்கைகள் தயாரிக்கும் பிரிவிலும் இருந்தவன் நான். மருத்துவனோ வழக்கறிஞனோ அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாதவை. பண்ணைத் தொழிலாளர்களுக்கென்று தனியாக மருத்துவ உதவி வழங்கும் கூட்டாட்சிச் சட்டத்தில் அதிபர் கென்னடி 1962 செப்டம்பரில் கையெழுத்திட்டார். 1996இல் அந்தத் திட்டமும், சமூக சுகாதார நிலையங்கள், வீடற்றோர், பொதுக் குடியிருப்பில் வாழ்வோர் ஆகியோருக்கான திட்டங்களும் பொதுச் சுகாதாரச் சேவைச் சட்டத்தின் 330ஆம் பிரிவின் கீழ் ஒன்றாக்கப்பட்டன. நம் நோயாளிகளைப் பற்றிய உட்பிரிவு 330(ஜி). அதன்படி, முதன்மையான வேலை விவசாயமாக இருந்து, கடந்த 24 மாதங்களுக்குள் அந்த வேலையைச் செய்து, அதற்காகத் தற்காலிகமாக வேறோர் இருப்பிடத்தை அமைத்துக்கொள்பவர் இடம்பெயரும் தொழிலாளர். முதன்மையான வேலை பருவகால அடிப்படையில் விவசாயமாக இருந்து, முதல் வகையில் சேராதவர் பருவகாலத் தொழிலாளர். 24 மாதக் கணக்கைச் சட்டம் முதல் வகைக்குச் சொல்கிறது. இரண்டாம் வகைக்கும் நிலையங்கள் நடைமுறையில் அதையே பின்பற்றுகின்றன. இரு வகையினரின் குடும்பத்தாரும் கணக்கில் சேர்வார்கள். முன்பு இடம்பெயர்ந்து வேலை செய்து, முதுமையாலோ உடற்குறையாலோ அதை நிறுத்தியவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் கூடச் சேர்வார்கள். இந்தக் கடைசிச் சலுகை சட்டத்தில் இடம்பெயர்ந்தவர்களுக்கு மட்டுமே உண்டு என்பதை நான் பார்த்த கையேடுகள் பலவும் தெளிவாகச் சொல்வதில்லை.

இரண்டாம் வகையின் வரையறையே ‘முதல் வகையில் சேராதவர்’ என்று இருப்பதால் ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டிலும் இருக்க முடியாது. உங்கள் பெண்மணி கடந்த இரண்டு ஆண்டுகளில் ஒரே ஒரு பருவம் வேலைக்காக வேறிடத்தில் போய்த் தங்கியிருந்தாலும், மீதிக் காலமெல்லாம் சொந்த வீட்டிலிருந்தே தோப்புக்குப் போய் வந்திருந்தாலும், அவர் இடம்பெயரும் தொழிலாளர்தான். நடமாடும் வண்டியில் பதிந்தவர் இதைக் கேட்டிருக்கிறார், மருத்துவக் கிளையில் இருந்தவர் கேட்கவில்லை என்பது என் ஊகம். பல் மருத்துவக் கிளையில் என்ன நடந்திருக்கும் என்பதும் தெரிந்த கதைதான். அவர் வந்த மாதத்தில் உணவகத்தில் வேலை செய்துகொண்டிருந்திருப்பார்; ‘தற்போதைய வேலை’ என்ற கட்டத்தில் அதை எழுதியிருப்பார்கள்; விவசாயம் காணாமல் போயிருக்கும்.

எது விவசாயம் என்பதிலும் பெரும்பகுதி தெளிவாகவே இருக்கிறது. அரசின் தொழில் வகைப்பாட்டில் 111, 112, 1151, 1152 ஆகிய எண்களுக்குள் அடங்குபவை விவசாயம். பயிர், பழத்தோப்பு, நாற்றங்கால், கிறிஸ்துமஸ் மரம் வளர்த்தல், கால்நடை, அறுவடைக்குப் பிந்தைய தரம்பிரிப்பு, பேக்கிங் எல்லாம் அவற்றுக்குள் வந்துவிடும். ஆகவே யாக்கிமாவின் ஆப்பிள் பேக்கிங் கிடங்கில் நிற்பவர் சேர்வார். அதே ஆப்பிளைச் சாறாக்கும் ஆலையில் நிற்பவர் சேரமாட்டார். இறைச்சி ஆலை, மரம் வெட்டுதல், மீன்பிடித்தல், வீட்டுத் தோட்டங்களைப் பராமரித்தல் ஆகியவை வெளியே நிற்கும். இதை ஒரு பக்கத்தில் அச்சிட்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிடலாம். இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம்.

நேரம் செலவிட வேண்டிய இடம் கேள்வி கேட்கப்படும் விதம். நான் பதிவு மேசையில் சேர்ந்த முதல் கோடையில் எங்கள் படிவத்தில், “நீங்கள் இடம்பெயரும் தொழிலாளியா, பருவகாலத் தொழிலாளியா, இரண்டும் இல்லையா?” என்று ஸ்பானிய மொழியில் ஒரு வரி இருந்தது. முழங்கை வரை திராட்சைத் தூசி அப்பியிருந்த ஒருவர், கழுத்தில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்காமல், ‘இரண்டும் இல்லை’ என்ற கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். நானும் அப்படியே பதிந்துவிட்டேன். பக்கத்து நாற்காலியில் இருந்த மூத்த ஊழியர், மெக்சிகோவின் மிச்சோவாகான்காரர், அவரைப் பார்த்து, “இப்போது எதில் வேலை?” என்று மட்டும் கேட்டார். “என் லா ஊவா” என்றார் அவர். திராட்சையில் என்று பொருள். அதற்கு முன்? ஸ்ட்ராபெரியில். எங்கே? ஆக்ஸ்னார்டில். அங்கே எங்கே தங்கினீர்கள்? மச்சினன் வீட்டுக் கார் கொட்டகையில், நான்கு பேரோடு. அரை நிமிடத்தில் அவர் இடம்பெயரும் தொழிலாளர் என்பது உறுதியாகிவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை. ‘மிக்ராந்தே’ என்ற சொல் அவர் காதில் குடியேறியவர் என்ற பொருளில்தான் விழுந்தது. அதிலிருந்து ‘லா மிக்ரா’ எனப்படும் குடியேற்றக் காவலர்கள் வரை அதிக தூரமில்லை. அந்தக் கட்டத்தைத் தொட எந்தப் புத்திசாலியும் தயங்குவார்.

அச்சமில்லாத இடத்திலும் இந்த வகைப்பெயர்கள் வேலைக்கு ஆகா. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பெண்ணிடம் என்ன வேலை என்று கேட்டால் ‘விவசாயத் தொழிலாளி’ என்று சொல்லமாட்டார்; நடவுக்குப் போகிறேன், களையெடுக்கப் போகிறேன் என்பார். அப்படித்தான் இங்கேயும் ஆப்பிளில், செர்ரியில், கவாத்தில், பேக்கிங்கில் என்பார்கள். பொதுவாகச் சொன்னால் ‘என் எல் ஃபீல்’ என்பார்கள், அதாவது வயலில். பயிரைத் தொடர்ந்து ஊர் ஊராகப் போவதற்கு அவர்களிடம் ‘லா கொர்ரீதா’ என்ற சொல்லே இருக்கிறது. சட்டத்தின் சொல்லை நோயாளியிடம் கொடுத்து அவரையே தீர்ப்புச் சொல்ல வைப்பதுதான் உங்கள் ஆறு கிளைகளின் முரண்பாட்டுக்கு முதற்காரணம் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்வேன்.

ஆகவே என் பரிந்துரை ஒன்றே ஒன்றுதான்: நோயாளியிடம் நடந்ததை மட்டும் கேளுங்கள், வகையை அவரும் முடிவு செய்ய வேண்டாம், மேசையில் இருப்பவரும் முடிவு செய்ய வேண்டாம், பதிலிலிருந்து விதியே முடிவு செய்யட்டும். நாங்கள் பல முறை மாற்றி, கடைசியில் நிலைத்த கேள்விகள் இவை. கடந்த இரண்டு ஆண்டுகளில் நீங்களோ, நீங்கள் யார் வருமானத்தில் வாழ்கிறீர்களோ அவரோ, வயலில், பழத்தோப்பில், நாற்றங்காலில், மாட்டுப் பண்ணையில் அல்லது காய்கனி பேக்கிங்கில் வேலை செய்ததுண்டா? ஆம் என்றால், எந்தப் பயிரில், எந்த மாதங்களில்? மற்ற வேலைகளோடு பார்த்தால் அதுதான் முக்கியமான வேலையா? அந்த வேலைக்காக அவர் எப்போதாவது வழக்கமான வீட்டை விட்டு வேறிடத்தில் தங்கினாரா? முதல் கேள்விக்கு இல்லை என்றால் மட்டும், முன்பு அப்படி ஊர் மாறி வேலை செய்து, வயதாலோ உடல்நலத்தாலோ நிறுத்தியவர் உண்டா? பல நிலையங்கள் பயன்படுத்தும் பிரேப்பேர் என்ற சமூக நிலைக் கேள்வித்தாளிலும் இரண்டு ஆண்டுக் கணக்கோடு, குடும்பத்தையும் சேர்த்து, இதைப் பற்றி ஒரு கேள்வி இருக்கிறது. முதல் வடிகட்டியாக அது நல்லது. ஆனால் இரு வகைகளையும் பிரித்துக் காட்டாது.

பயிரின் பெயரைக் கேட்பது வீண் விவரம் போலத் தோன்றும். அனுபவத்தில் அந்த ஒரு சொல்தான் மற்ற எல்லாப் பதில்களையும் சரிபார்க்கிறது. ‘செர்ரி’ என்று சொன்னவர் பன்னிரண்டு மாதமும் வேலை என்றால் மேலும் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று மேசைக்காரருக்கே புரிந்துவிடும்.

‘வேறிடத்தில் தங்கினாரா’ என்ற கேள்வியைக் கடந்த காலத்தில் கேட்பது ஏன் முக்கியம் என்பதற்கு டெக்சஸின் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கு நல்ல சாட்சி. அங்கே சொந்த வீடு வைத்திருப்பவர்கள் தலைமுறைகளாகக் கோடையில் மிச்சிகனுக்கும் மற்ற வட மாநிலங்களுக்கும் போய்ப் பறித்துவிட்டுக் குளிர்காலத்தில் திரும்புகிறார்கள். டிசம்பரில் சொந்த ஊர் மருத்துவமனைக்கு வரும்போது அவர்களுக்கு நிரந்தர முகவரி இருக்கிறது, பத்து வருடப் பழைய கோப்பு இருக்கிறது, மேசையில் இருப்பவருக்கு அவர்களை நேரிலும் தெரியும். அதனாலேயே யாரும் கேட்பதில்லை. வந்து தங்கும் ஊரில் மட்டுமல்ல, புறப்படும் ஊரிலும் அவர் இடம்பெயரும் தொழிலாளர்தான். உங்கள் பள்ளத்தாக்கிலும் கலிஃபோர்னியாவுக்குப் போய்வரும் குடும்பங்கள் இருக்கும். அவர்களை ‘உள்ளூர்’ என்று எழுதிவிடுவது எளிது.

அடுத்து அதிகமாகத் தவறவிடப்படுபவர்கள் குழந்தைகள். தொழில் என்ற கட்டத்தில் ‘மாணவர்’ என்று விழுந்ததும் கதை முடிந்துவிடும். தடுப்பூசிக்கு வரும் ஆறு வயதுப் பிள்ளை, தந்தை மட்டும் ஊர் ஊராகப் போய்த் தாயோடு வீட்டிலேயே இருந்தாலும், குடும்பத்தார் என்ற முறையில் கணக்கில் சேரும். குடும்பத்தில் ஒருவரின் நிலை உறுதியானால் மற்றவர்களின் கோப்புகளில் ஒரு நினைவூட்டல் எழும்படி செய்யுங்கள். ஆனால் நிலையைத் தானாக நகலெடுக்க விடாதீர்கள். ஒரே முகவரியில் மூன்று குடும்பங்கள் வாழ்வது இங்கே வழக்கம், முகவரி ஒன்றாக இருப்பதால் குடும்பமும் ஒன்று என்று ஆகிவிடாது.

இனி நீங்கள் கேட்ட கட்டத்துக்கு வருகிறேன். யாரும் எதையும் தேர்ந்தெடுக்காதபோது தானாக விழும் இயல்பு மதிப்பாக ‘இல்லை’ என்று வைத்திருந்தால் இன்றே நீக்கிவிடுங்கள். கேட்காதது வேறு, கேட்டு இல்லை என்றது வேறு, சொல்ல விரும்பாதது வேறு. மூன்றுக்கும் தனித்தனி மதிப்பு வேண்டும். கேள்வி கேட்ட தேதியும், விவசாய வேலை கடைசியாகச் செய்த மாதமும் தனியே பதிவாக வேண்டும், ஏனென்றால் 24 மாதம் முடிகிற நாளைக் கணக்கிடக் கேள்வி கேட்ட தேதி போதாது. பதிவை ஆறு கிளைகளுக்கும் பொதுவான நோயாளி நிலையில் வையுங்கள், வருகை நிலையில் அல்ல. ஆண்டுக்கு ஒரு முறை, காலாவதியான பதிவைத் திறந்தாலே கேள்விகள் மீண்டும் வரட்டும். முந்தைய பதிலைத் திரையில் காட்டாதீர்கள். காட்டினால், “எல்லாம் அப்படியேதானே?” என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நானே அப்படிச் செய்திருக்கிறேன், மாலை ஐந்து மணிக்கு வரிசையில் பதினைந்து பேர் நிற்கும்போது.

ஒரே நபருக்கு இரண்டு கோப்புகள் இருந்தால் இவ்வளவும் வீண். தந்தை வழி, தாய் வழி என்று இரண்டு குடும்பப் பெயர்களை உடையவர்களை ஒரு கிளை முதல் பெயரிலும் இன்னொரு கிளை இரண்டாம் பெயரிலும் பதியும். அவர்கள் நாளை முதலில் எழுதுவார்கள், நம் படிவம் மாதத்தை முதலில் கேட்கும். மார்ச் 4 ஏப்ரல் 3 ஆகிவிடும். எங்கள் இரட்டைக் கோப்புகளில் பலவற்றை நாளையும் மாதத்தையும் இடம் மாற்றித் தேடியே கண்டுபிடித்தோம். உங்கள் பெண்மணியின் மூன்று பதிவுகளும் ஒரே கோப்பில் இருக்கின்றனவா என்பதை முதலில் பாருங்கள்.

எழுதத் தெரியாதவர்களையும், ஸ்பானியமே இரண்டாம் மொழியாக உள்ளவர்களையும் மறந்துவிடக் கூடாது. ஓஹாகாவிலிருந்தும் கெர்ரேரோவிலிருந்தும் வரும் மிக்ஸ்தெக்கோ, த்ரிக்கி மொழியினரும், குவாத்தமாலாவிலிருந்து வரும் மாம் மொழியினரும் ஸ்பானியப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் ஆம் என்றோ எல்லாவற்றுக்கும் இல்லை என்றோ குறிப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் வாய்மொழியாக, மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான் கேட்க வேண்டும். அதற்கு மேசையைவிட சமூகச் சுகாதாரப் பணியாளர்கள், ஸ்பானியத்தில் ‘ப்ரோமோதோரா’ எனப்படுவோர், பொருத்தமானவர்கள்.

பயிற்சி என்ற பெயரில் ஒரு மணி நேரம் படம் காட்டுவதால் எதுவும் மாறியதை நான் கண்டதில்லை. பத்துப் பன்னிரண்டு கற்பனை நோயாளிகளை எழுதி, ஆறு கிளைகளின் பதிவுப் பணியாளர்களும் தனித்தனியே பதிந்து பார்க்கட்டும். குளிர்காலத்தில் கட்டட வேலைக்குப் போகும் செர்ரிப் பறிப்பாளர், வெளிநாட்டினருக்கான எச்-2ஏ என்ற தற்காலிக விவசாய வேலை விசாவில் வந்து முதலாளி கொடுத்த முகாமில் தங்கியிருப்பவர், முதுகு போய் வீட்டிலிருக்கும் பழைய தக்காளித் தொழிலாளி, சாறு ஆலை ஊழியரின் மகள் என்று கலந்து வையுங்கள். எந்த நோயாளியில் பதில்கள் பிரிகின்றனவோ அங்கேதான் உங்கள் கேள்வியில் ஓட்டை இருக்கிறது. பணியாளரைக் குறை சொல்ல வேண்டாம். ஆறு மாதம் கழித்து அதே சோதனையை மீண்டும் செய்யுங்கள், ஏனென்றால் மேசையில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

இப்போது ஐயமானவை. ‘முதன்மையான வேலை’ என்பதற்குச் சட்டம் சதவீதம் எதுவும் சொல்லவில்லை. நான்கு மாதம் பறிப்பு, எட்டு மாதம் துப்புரவுப் பணி என்று இருப்பவரிடம் நாங்கள் எது முக்கியம் என்று கேட்டு, அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டோம். மாதக் கணக்கை வைத்து முடிவு செய்யும் நிலையங்களும் உண்டு. அது தவறென்று என்னால் சொல்ல முடியாது. இன்னும் கடினமானது, ஊர் மாறாமல் ஆண்டு முழுவதும் ஒரே பால் பண்ணையில் வேலை செய்பவர். கால்நடை வளர்ப்பு விவசாயத்துக்குள் வருகிறது, ஆனால் அவர் வேலை பருவகாலமானதல்ல. வரையறையை எழுத்துப்படி படித்தால் அவர் வெளியே நிற்கிறார் என்பது என் வாசிப்பு. பென்சில்வேனியாவின் கென்னட் ஸ்கொயர் போன்ற இடங்களில் கூரைக்குள் ஆண்டு முழுவதும் காளான் பறிப்பவர்களுக்கும் இதே சிக்கல் எழும். இத்தகையவற்றை எழுத்தில் முடிவு செய்து, தேதியிட்டு, நிதி வழங்கும் ஹெச்ஆர்எஸ்ஏ அமைப்பின் உங்கள் திட்ட அலுவலரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஆறு கிளைகளும் ஒரே முடிவில் நிற்பதுதான் இங்கே முதல் தேவை.

இந்த எண்ணிக்கைக்கு ஏன் இவ்வளவு பாடு என்று உங்கள் மேலாளர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். நிதி ஒரு காரணம்: யூடிஎஸ் என்ற ஆண்டறிக்கையின் நான்காம் அட்டவணையில் விவசாயத் தொழிலாளர் மொத்தத்தை எல்லா நிலையங்களும் தருகின்றன, 330(ஜி) நிதி பெறுபவை இரு வகைகளையும் பிரித்தும் தருகின்றன. நாடெங்கும் அந்த மொத்தம் ஏறத்தாழ பத்து லட்சம்; 2020க்குள் இருபது லட்சமாக்க வேண்டும் என்று ஓர் இயக்கமே நடந்தது. அந்த இடைவெளியில் ஒரு பகுதி மருத்துவமனைக்கு வராதவர்கள், ஒரு பகுதி வந்தும் எண்ணப்படாதவர்கள். மருத்துவக் காரணம் அதைவிடப் பெரிது. 1992 முதல் 2006 வரையிலான கணக்கில் வெப்பத்தால் இறந்த பயிர்த் தொழிலாளர் விகிதம் எல்லாத் தொழிலாளர்களின் ஒட்டுமொத்த விகிதத்தைப் போல் ஏறத்தாழ 20 மடங்கு. தலைச்சுற்றலோடு வருபவர் நேற்று மருந்தடித்த தோப்பில் நின்றவர் என்று தெரிந்தால்தான் மருத்துவர் பூச்சிமருந்தை நினைப்பார். காசநோய் மருந்தின் நடுவில் ஊர் மாறுபவரை அடுத்த ஊர் மருத்துவமனையோடு இணைத்துவிட மைக்ரன்ட் கிளினிஷியன்ஸ் நெட்வொர்க் என்ற அமைப்பின் சேவை இருக்கிறது; ஊர் மாறப் போகிறார் என்று கோப்பில் இருந்தால்தானே அதைக் கேட்க முடியும்?

ஆனால் இடம்பெயர்வோர் எண்ணிக்கை குறைந்தால் உடனே பிழை என்று முடிவு செய்துவிடாதீர்கள். தொழிலாளர் துறையின் நீண்டகாலக் கணக்கெடுப்பில் 1990களின் பிற்பகுதியில் பயிர்த் தொழிலாளர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்பவர்கள். 2019-20இல் அது 15 சதவீதம். அந்தக் கணக்கில் எச்-2ஏ விசாக்காரர்கள் சேரவில்லை. 2022 நிதியாண்டில் அந்த விசாவுக்குச் சான்றளிக்கப்பட்ட வேலையிடங்களே 3.7 லட்சத்தைத் தாண்டின. ஆகவே உங்கள் ‘இடம்பெயர்வோர்’ எண்ணிக்கை சரிவது பதிவுப் பிழையாகவும் இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். பயிரும் மாதமும் பதிந்திருந்தால்தான் இரண்டையும் பிரிக்க முடியும்.

குடியுரிமை நிலையைக் கேட்காதீர்கள், தெரிந்தாலும் எழுதாதீர்கள். இந்த வரையறைக்கு அது தேவையே இல்லை. 2025 ஜூலையில் சுகாதாரத் துறை இந்த நிலையங்களின் திட்டத்தைக் குடியேற்ற நிலை சார்ந்த கூட்டாட்சிச் சலுகைகளின் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. வாஷிங்டன் உள்ளிட்ட பல மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன. அதன் நடைமுறை விளைவை உங்கள் நிலையத்தின் வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும். மேசையில் இருப்பவர், “இது நீங்கள் செய்யும் வேலையைப் பற்றிய கேள்வி, காகிதத்தைப் பற்றியதல்ல” என்று முதல் வரியாகச் சொல்லலாம். அதைச் சொல்லத் தொடங்கிய பிறகு எங்கள் ‘சொல்ல விரும்பவில்லை’ பதில்கள் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தன.

கடைசியாக, சென்ற ஆண்டுப் பதிவுகளைப் பின்னோக்கித் திருத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அன்று கேட்காத கேள்விக்கு இன்று பதில் எழுத முடியாது. புதிய கேள்விகள் எந்தத் தேதியில் எந்தக் கிளையில் தொடங்கின என்று குறித்துவைத்து, பிப்ரவரியில் தரும் யூடிஎஸ் அறிக்கைக்கு முன்பே உங்கள் நிர்வாகக் குழுவிடம் சொல்லிவிடுங்கள்: முதல் ஆண்டில் எண்ணிக்கை ஏறும், புதிதாக யாரும் வந்ததால் அல்ல. எங்களுக்கு அப்படி ஏறியபோது முன்கூட்டிச் சொல்லாததால், பதிவைக் கூட்டிக் காட்டுகிறோமோ என்று எங்களுக்குள்ளேயே ஒரு விசாரணை நடந்து, மூன்று வாரம் நானூறு கோப்புகளைக் கையால் சரிபார்க்க வேண்டியதாயிற்று.